கறுப்புக் கட்டத்துக்குள் உன் பேர்

அய்யா, நலமாக இருக்கிறாயா? கடிதம் எழுதுகிற எல்லாரும் வழக்கத்துக்காகப் போடுகிற கேள்வி இது. நான் நிஜமாகவே கேட்கிறேன். போனில் சொல்லி முடிக்க வேண்டியதை இந்த மனுஷர் ஏன் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகிறார் என்று உனக்குத் தோன்றும். போனில் என்றால் நீ பாதியிலேயே "சரி விடுங்கப்பா" என்று முடித்துவிடுவாய். எனக்கும் குரல் நடுங்கும், அதை நீ கேட்க வேண்டாம் என்று பார்க்கிறேன். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடித்துக் கொடுத்தவன், பெற்ற மகனுடைய பத்திரிகையை அச்சுக்கு அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை பேர் வர வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கே நீர்காத்தலிங்கம் என்று போடுவதா, நீ கேட்ட மாதிரி நிரஞ்சன் என்று போடுவதா என்பதுதான் விஷயம். போன மாதம் வரைக்கும் எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. இப்போது பயமாக இருக்கிறது. என்ன பயம், எப்படி வந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற சுகன்யாவும் படிக்கட்டும். பிள்ளைக்குப் பேர் வைக்கிற வயதில் இருக்கிற வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

புனேயில் உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் பேருக்கு அர்த்தம் கேட்கிறார்கள் என்று ஒருமுறை சொன்னாய். அர்த்தம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆற்றோரம் இருக்கிறாரே நீர்காத்த அய்யனார், அவர் பேர்தான் உன் பேர். மலையிலிருந்து இறங்குகிற தண்ணீருக்கு அவர் காவல் என்பது நம்பிக்கை. எப்படிக் காத்தார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். வெள்ளம் ஊருக்குள் வராமல் மறித்தார் என்பார் ஒருவர், வறண்ட வருஷத்திலும் ஊற்று வற்றாமல் பார்த்துக்கொண்டார் என்பார் இன்னொருவர். கடைசியில் லிங்கம் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. சின்ன வயதில் நீ கேட்டபோது ஏதோ தெரிந்த மாதிரி அளந்துவிட்டேன், அதை மறந்துவிடு. இந்தப் பேர் ராஜபாளையம், சேத்தூர், தேவதானம் பக்கம்தான் புழங்கியது. விருதுநகர் தாண்டினாலே ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லச் சொல்வார்கள்.

சாமி பேர் என்பதால் வைத்தோம் என்றுதான் நீ நினைத்திருப்பாய். அது பாதிதான் உண்மை. உன் அம்மா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய் வத்திராயிருப்பில் இருந்தாள். ஐப்பசி மழை. வலி எடுத்ததும் அங்கே இருந்த நர்ஸ் பார்த்துவிட்டு, பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, உடனே ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். வாடகைக் கார் ஒன்று பிடித்துக் கிளம்பினோம். வழியில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது. செம்மண் நிறத்தில், மரக்கிளையை எல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது. டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, முடியாது என்று கையை விரித்துவிட்டார். திரும்பிப் போனாலும் அங்கே பிரசவம் பார்க்க வழியில்லை. உன் அம்மா பின்சீட்டில் என் கையைப் பிடித்து நெரித்தாள். "ஏங்க, அய்யனாருக்கு நேர்ந்துக்கோங்க. பையன்னா அவரு பேரு. மனசுக்குள்ள இல்ல, வாய்விட்டுச் சொல்லுங்க" என்றாள். நான் அப்போது கோயில் குளம் என்று போகிறவன் இல்லை. ஆனால் அன்றைக்குத் தண்ணீரைப் பார்த்து அந்தப் பேரைக் கத்தினேன். செத்த நேரத்தில் தண்ணீர் இறங்கியது. காட்டாற்று வெள்ளம் வந்த வேகத்தில் வடிந்துவிடும், மேலே மழை விட்டிருக்கும், அவ்வளவுதான் என்று பிறகு எனக்கு நானே பலதடவை சொல்லிக்கொண்டேன். உன் அம்மாவிடம் மட்டும் அதைச் சொன்னதில்லை. பக்தியில் வைத்த பேர் இல்லை அய்யா அது, பயத்தில் வைத்த பேர். அந்தப் பேரைச் சொன்ன பிறகுதான் நீ எங்களுக்குக் கிடைத்தாய் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவே இல்லை.

சாமி பேரைச் சொல்லித் திட்டக்கூடாது என்று உன் அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தாள். அதனால் திட்டுவதற்கென்றே உனக்கு லிங்கு என்று ஒரு பேர் வந்தது. நீ செய்த சேட்டைக்கு அதுதான் வீட்டில் அதிகமாகக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் உன்னைத் தண்ணி லாரி என்று கூப்பிட்டார்கள், கல்லூரியில் வெறும் தண்ணி என்று சுருக்கி, ஒரு சொட்டு குடிக்காத பிள்ளைக்குக் குடிகாரப் பட்டம் கட்டினார்கள். நீ வந்து சொல்லி அழுதபோது நான் சிரித்தேன். அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன். அய்யனார் கோயிலுக்குப் போன போதெல்லாம் ஆற்றில் மற்ற பிள்ளைகள் குதித்துக் குளிக்க, உன்னை மட்டும் கணுக்கால் அளவுக்கு மேல் இறங்க விடாமல் டவுசரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எம்பேருதான தண்ணியக் காத்த பேரு, பொறவு எனக்கு என்னப்பா செய்யும்?" என்று கேட்டாய். முதுகில் ஒன்று வைத்தேன். காவலுக்கு என்று பேரையும் வைத்துவிட்டு, அந்தப் பேரை நம்பாமலும் வளர்த்தேன். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, நீயும் இப்படி அவன் டவுசரைப் பிடித்துக்கொண்டு நிற்பாயானால், பிடித்துக்கொள், தப்பில்லை. ஏன் பிடித்திருக்கிறாய் என்பதை மட்டும் அவனிடம் சொல்லிவிடு.

இந்தப் பேர் எவ்வளவு அரிது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் ஊரில் இருக்க முடியாது. பேர்கள்தானே என் பிழைப்பு. ராஜபாளையத்தில் நான் அச்சுக்கடை போட்ட புதிதில் பூப்புனித நீராட்டு விழா, புதுமனைப் புகுவிழா என்று எந்தப் பத்திரிகை எடுத்தாலும் தாய்மாமன் வரிசையில் எங்கேயாவது ஒரு நீர்காத்தலிங்கம் இருப்பார். பிறகு குறைந்துகொண்டே வந்தது. இப்போது பிறந்தநாள் பேனருக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் தர்ஷித், ரித்விக், லக்ஷன். பெற்றவர்களே பேரைப் போனில் பார்த்துப் பார்த்துச் சொல்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை, எல்லாம் அழகான பேர்கள்தான். ஆனால் உன் பேரை நான் இப்போது எங்கே அச்சடிக்கிறேன் தெரியுமா? உன் நிச்சயதார்த்த பேனரைத் தவிர்த்தால், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் மட்டும்தான். அந்தப் பேர் வைத்திருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை எழுத்தில் உன் பேர். அந்த வேலையை நான் தொடுவதில்லை. கடையில் டைப் அடிக்கிறவர்களிடம் கொடுத்துவிடுவேன். அச்சுக்குப் போகும் முன் கடைசியாக ஒரு பார்வை பார்ப்பது என் வழக்கம், அதில் எத்தனை பிழைகளைப் பிடித்திருக்கிறேன் என்று உனக்கே தெரியும். உன் பேர் வருகிற போஸ்டரை மட்டும் பார்க்க மாட்டேன். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, சரி, போடுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பேரை மாற்றிக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் போட்ட சத்தம் உனக்கு மறந்திருக்காது. அங்கே பேரைச் சொன்னதும் சிரிக்கிறார்கள், கல்யாணத்துக்கு முன்னால் மாற்றிவிட்டால் பத்திரிகையிலிருந்தே நிரஞ்சன் என்று ஆகிவிடும் என்று பொறுமையாகத்தான் சொன்னாய். நான் அய்யனாரையும் தரைப்பாலத்தையும் இழுத்துப் பேசினேன். "உங்களுக்கு என்னப்பா, நீங்களா சுமக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாய். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அவளே சொன்னது எனக்கு ஆச்சரியம். ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் தேவதானத்தில் ஒரு பெரியவர் காலமானார். நீர்காத்தலிங்கம், எண்பதைத் தாண்டியவர், விவசாயி. அவர் மகன் மத்தியானமே படத்தையும் விவரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். முகூர்த்த மாதம், கடையில் தலைக்கு மேல் வேலை. செல்வி என்று ஒரு பெண் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், இரண்டு பிள்ளைக்குத் தாய், கெட்டிக்காரி, ஆனால் உன்னை அவள் பார்த்ததில்லை. நம் கடையில் படங்களை ஆள் பேரில்தான் சேமித்து வைப்போம். முருகன் என்றால் கூடவே ஊரும் போடுவோம், முருகன் எத்தனையோ பேர். உன் பேருக்கு அந்தத் தேவை இருந்ததே இல்லை. இறந்தவர்கள் படத்தைக் காரியம் முடிந்ததும் அழித்துவிடுவேன். ஆகவே அந்தப் பேரில் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே படம், உன் நிச்சயதார்த்த பேனருக்கு எடுத்த நீலக் கோட்டுப் படம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை யாரோ ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்துச் செல்வி பேரைத் தட்டியதும் அதுதான் வந்து நின்றது. விவரத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் வாட்ஸ்அப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிட்டு, உன் படத்தை நடுவில் வைத்துவிட்டாள். சின்ன வயசுல போயிட்டாரே பாவம் என்று நினைத்துக்கொண்டேதான் சார் செய்தேன் என்று மறுநாள் அழுதாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டவும் காட்டினாள். நான் வழக்கம்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரி, போடுங்கள் என்றேன். ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பயந்து கண்ணை மூடினேன், நான் எதற்குப் பயந்தேனோ அதை என் கடையே அச்சடித்துக் கொடுத்தது.

மறுநாள் காலையில் அந்தப் பெரியவர் மகன் போன் செய்தார். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. "அண்ணாச்சி, இதுல எங்கய்யா படம் இல்லையே, யாரோ ஒரு எளவட்டப் படம்ல இருக்கு" என்றார். நான் கடையில் மிச்சமிருந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று எழுத முடியவில்லை. ஒரு கட்டு தேவதானத்தில் இன்னும் ஒட்டாமல் இருந்தது, தப்பித்தது. இன்னொரு கட்டு, பெரியவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் என்பதால், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டது. விடியும் முன்பே ஒட்டி முடித்திருந்தார்கள். உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். மதுரை ரோட்டில் வழி முழுக்க ஒரே நினைப்புதான். இந்தப் பேரைச் சொல்லித்தானே பிள்ளையை வாங்கினோம், அதே பேரை எழுதிச் செவுத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டோமே என்று. புத்திக்குத் தெரிகிறது, இது வெறும் காகிதம், படம் மாறிய பிழை. நெஞ்சுக்குத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நாலைந்து நீ. சிரித்துக்கொண்டு, நீலக் கோட்டில், தலைக்கு மேல் கண்ணீர் அஞ்சலி. அதன் முன்னால் சுகன்யா நின்றுகொண்டிருந்தாள். ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் கணக்குப் பார்க்கிற வேலைக்குத் தினமும் அந்த நேரத்துக்குத்தான் பஸ் ஏறுவாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பையைக் கீழே போட்டுவிட்டிருந்தாள். கீழே ஊரும் வயதும் போட்டிருந்ததை அவள் படிக்கவில்லை. படமும் பேரும் போதுமே. என்னைப் பார்த்ததும், "மாமா, நேத்து சாயங்காலம்கூடப் பேசுனாகளே" என்றாள். அந்தக் குரலை நான் மறக்கப் போவதில்லை. இது நம் பிள்ளை இல்லை தாயி, வேறொரு பெரியவர், படம் மாறிவிட்டது என்று நான் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. "அப்ப போன எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

நீ எடுக்கவில்லை. நைட் ஷிப்ட் முடித்துப் போன் சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்குகிறாய் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்ப அடித்தோம். பிழை எங்கே நடந்தது என்று முழுக்கத் தெரிந்த எனக்கே, மணி ஆக ஆக, ஒருவேளை என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. அதற்குள் போஸ்டரைக் கிழிக்கலாம் என்று சுவரில் கை வைத்தேன். பசை காயவில்லை, கீழ்முனை கீற்றாகக் கிழிந்து வந்தது, அடுத்த இழுப்பில் உன் தாடை போயிருக்கும். என்னால் இழுக்க முடியவில்லை. டீக்கடையில் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி வந்து நனைத்து நனைத்து, ஓரத்திலிருந்து உரித்து, முழுசாக எடுத்தோம். சுகன்யா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒருவர் கேட்டார். நான் வாளியை அடுத்த போஸ்டருக்கு நகர்த்தினேன். அவற்றைச் சுருட்டிக் கடைப் பரணில் வைத்திருக்கிறேன். உன் முகம் இருப்பதால் எரிக்கப் பயம், குப்பையில் போடவும் பயம்.

நீ தூங்கி எழுந்து கூப்பிட்டாய். இத்தனை மிஸ்டு கால் எதற்கு என்று கேட்டாய். சும்மாதான், சாப்பிட்டாயா என்று கேட்டேன். சுகன்யா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு ஒன்றுமே பேசாமல் நீ பேசுவதைக் கேட்டாள். அப்பா, சிக்னல் இல்லையா என்று நீ கேட்டதெல்லாம் அவள் காதில்தான் விழுந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டாள். இதை அவுகளுக்கு நீங்களேதான் சொல்லணும் மாமா, நான் சொல்ல மாட்டேன், ஆனால் மறைக்கவும் மாட்டேன் என்று போகும்போது சொன்னாள். நல்ல பெண்ணைத்தான் பிடித்திருக்கிறாய். அவளிடம் எதையும் ஒளிக்காதே, ஒளித்தால் உன்னால் தாங்க முடியாது.

விஷயம் அவள் வீட்டுக்குப் போகாமல் இருக்குமா. சாயங்காலம் சம்பந்தி வந்தார். பெண்ணின் அம்மா அழுதுகொண்டே இருப்பதாகவும், கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு சகுனம் ஆனதைச் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதாகவும் சொன்னார். மாப்பிள்ளை பேரை மாற்றுவதாகச் சொன்னாரே, உடனே மாற்றிவிடலாம், பழைய பேர் அந்தப் போஸ்டரோடு போகட்டும், இல்லாவிட்டால் நாளைத் தள்ளி வைத்து யோசிக்கலாம் என்றார். உண்மையைச் சொன்னால், அவர் சொல்லும் முன்பே நானும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தேன். அந்தப் பேருக்காக உன்னோடு சண்டை போட்டவன், அந்தப் பேரை உன் மேலிருந்து எப்படியாவது கழற்றிவிட்டால் போதும் என்று தவித்தேன். நிரஞ்சன் என்று நானே டைப் அடித்தேன். நல்ல பேர். பார்க்கவும் அழகாக இருந்தது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். யார் இது என்று கேட்பதுபோல் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் சுகன்யா வேலை முடிந்து நேரே கடைக்கு வந்தாள். திரையில் இருந்த பத்திரிகையைப் படித்தாள். நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாமா, நான் அவுகள ஒருநாளும் முழுப்பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. லிங்கும்பேன், இல்லாட்டி ஒண்ணும் சொல்ல மாட்டேன். அன்னைக்கு அந்தச் செவுத்து முன்னால நின்னப்பதான் மொத மொதல்ல முழுசாச் சொன்னேன். உசுரோட இருக்கணும்னு அந்தப் பேரச் சொல்லித்தான் கும்பிட்டேன். இப்ப அந்தப் பேரு ஆகாதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? அப்பாட்ட நான் பேசிக்கிறேன். அவுகளுக்குப் புடிக்கலன்னா மாத்திக்கிடட்டும், அது வேற. பயந்துக்கிட்டு மாத்தாதீங்க."

அவள் போன பிறகு நிரஞ்சனை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டேன். இத்தனை நாளாகக் காலியாகவே இருக்கிறது. பயம் போய்விட்டது என்று நினைக்காதே. ராத்திரி மழை பெய்தால் இப்போதும் விழித்துக்கொள்கிறேன். நீ வண்டி ஓட்டுகிற நேரம், ஷிப்டுக்குப் போகிற நேரம், போன் அணைந்திருக்கிற நேரம் எல்லாம் எனக்குப் பயம்தான். பேரை மாற்றினாலும் பயப்படுவேன், மாற்றாவிட்டாலும் பயப்படுவேன். இத்தனை வருஷம் அதைப் பேரின் தலையில் ஏற்றிவிட்டு நான் தப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேர் உன்னைக் காக்கும் என்றும் எனக்கு இப்போது சொல்லத் தெரியவில்லை, உன்னைக் கொண்டுபோய்விடும் என்றும் சொல்லத் தெரியவில்லை. பெற்றவன் பயத்தைப் பிள்ளை பேரில் எழுதி ஒட்டக்கூடாது என்பது மட்டும் தெரிகிறது. நீ கேட்டாயே, நீங்களா சுமக்கிறீர்கள் என்று. நியாயமான கேள்வி. சுமக்கிறவன் நீ, ஆகவே முடிவும் உன்னுடையது. எந்தப் பேர் சொல்கிறாயோ அதைப் போட்டு அச்சுக்கு அனுப்புகிறேன், இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். சம்பந்தி வீட்டில் என்ன பேச வேண்டுமோ நான் பேசிக்கொள்கிறேன்.

எனக்காக ஒன்றே ஒன்று செய். ஆபீஸில் நிரஞ்சனாக இரு, பத்திரிகையில் உனக்குப் பிடித்த பேரில் இரு. ஆனால் இதைப் படித்ததும் எனக்குப் போன் போட்டு, அப்பா என்று கூப்பிடும் முன்னால், உன் பழைய பேரை முழுசாக ஒரு தடவை சொல். அதை நான் கடைசியாகப் பார்த்தது அந்தச் சுவரில். இனி உன் குரலில் கேட்க வேண்டும்.